படகின் முகப்பில் பித்தளைச் சின்னம்: நாலு ஸ்க்ரூ போட்டால் போதுமா? கடலில் கழன்று விழாமல் பொருத்துவது எப்படி?

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் தமிழகக் கடற்கரையில் காட்சியே மாறிவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதத்தில்தான் படகைக் கரையேற்றுவார்கள். என்ஜின் வேலை, ஃபைபர் ஒட்டு, பலகை மாற்றுவது, பெயின்ட் என்று வரிசையாக வேலை நடக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். அணியத்தில், அதாவது படகின் முகப்பில், ஒரு சின்னம் வைப்பது. சிலர் சிலுவை வைப்பார்கள், சிலர் வேல், சிலர் பிறை. இன்னும் சிலர் நங்கூரம், மீன், மகளின் பெயர், குலதெய்வத்தின் பெயர் என்று பித்தளையிலோ எவர்சில்வரிலோ வெட்டி வாங்கி வந்து பொருத்துவார்கள். பெயின்டில் எழுதினால் வருடா வருடம் அழிந்துபோகிறது, உலோகம் என்றால் நிலைக்கும் என்பது கணக்கு.

ஆனால் நடப்பது என்ன? முதல் மாதத்திலேயே ஸ்க்ரூவில் இருந்து பழுப்பு நிறத்தில் துரு வழியும். அடுத்து ஒரு மூலை தூக்கும். அந்த மூலையில் ஒருநாள் வலை சிக்கும். அவ்வளவுதான், சின்னம் கடலுக்குள்.

சின்னம் போனால் இன்னொன்று வாங்கிக்கலாம். அது விட்டுவிட்டுப் போகும் ஓட்டைதான் பிரச்னை. இதில் என்ன அறிவியல் இருக்கிறது, சரியாகப் பொருத்துவது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

ஒரு ஸ்க்ரூ ஓட்டை என்ன செய்துவிடும்?

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஓட்டை, நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஓட்டை அது. அதன் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 150 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். நாலு ஓட்டை என்றால் 600 லிட்டர். ராத்திரி முழுக்க வலை போட்டுக் காத்திருக்கும் சின்ன ஃபைபர் படகுக்கு இது விளையாட்டு இல்லை.

"சின்னம் நீர்மட்டத்துக்கு மேலேதானே இருக்கு, தண்ணி எப்படி வரும்?" என்று கேட்கலாம். கரையில் நிற்கும்போது மேலேதான் இருக்கும். மீனும் ஐஸும் ஏறியதும் படகு அமிழும். அலையில் அணியம் இறங்கி ஏறும். ஒவ்வொரு முறையும் அந்த ஓட்டை தண்ணீரில் முங்கி எழும்.

ஃபைபர் படகில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல படகுகளில் ஓட்டுக்குப் பின்னால் மிதவைக்காக நுரை அடைத்த அறையோ, இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவில் மரமோ இருக்கும். ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் அங்கே தேங்கிவிடும், வெளியே தெரியாது. மரம் ஊறி மக்கும், நுரை தண்ணீர் குடித்துக் கனக்கும். "படகு முன்ன மாதிரி ஓடலையே" என்று என்ஜினைச் சந்தேகப்படுவோம். குற்றவாளி எப்போதோ போட்ட ஒரு ஸ்க்ரூவாக இருக்கும்.

துரு ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது?

இரண்டு வெவ்வேறு உலோகங்களைத் தொடவைத்து, இரண்டையும் உப்புத் தண்ணீரில் நனைத்தால் அது ஒரு பேட்டரி. டார்ச் லைட் பேட்டரிக்குள் நடப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். இரண்டு உலோகங்களில் ஒன்று கரையும், இன்னொன்று பத்திரமாக இருக்கும். கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் மின்சாரம் அதில் சுலபமாக ஓடும். படகு முங்க வேண்டும் என்பதுகூட இல்லை, அலைத் தெறிப்பில் படியும் ஈரமே போதும்.

எந்த உலோகம் கரையும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. சீக்கிரம் கரைவதில் இருந்து ஆரம்பித்தால்: மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், சாதா இரும்பு, பித்தளை, செம்பு, வெண்கலம், நல்ல தரமான எவர்சில்வர். இந்த வரிசையில் இரண்டு உலோகங்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ, முன்னால் இருப்பது அவ்வளவு வேகமாகக் கரையும். என்ஜின் பக்கத்தில் 'ஜிங்க்' கட்டி வைப்பது இதனால்தான். தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றும் தியாகி அது.

இதோடு அளவும் சேர்ந்துகொள்ளும். பெரிய பித்தளைத் தகட்டில் சின்ன இரும்பு ஸ்க்ரூ போட்டால், அத்தனை பெரிய தகட்டின் பசிக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூவே இரையாகும். பளபளவென்று இருக்கும் சின்னத்துக்குள் ஸ்க்ரூ மட்டும் தூளாகிப்போவது இப்படித்தான். தலைகீழாக, பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன எவர்சில்வர் ஸ்க்ரூ என்றால் பாதிப்பு மெதுவாக வரும். ஆனாலும் ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஓட்டை பெரிதாகும்.

260 வருடத்துக்கு முன்பே பட்ட பாடு

இந்தப் பாடத்தைப் பிரிட்டிஷ் கடற்படை ரொம்ப செலவு செய்து கற்றுக்கொண்டது. மரக்கப்பல்களைப் புழு துளைப்பதும் அடியில் பாசி, சிப்பி ஒட்டுவதும் அந்தக் காலத்தில் பெரிய தலைவலி. அதனால் 1761ஆம் ஆண்டு எச்.எம்.எஸ். அலாரம் என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுக்கச் செம்புத் தகடு போர்த்திப் பார்த்தார்கள். தகட்டை அடித்தது இரும்பு ஆணியால்.

1763இல் கப்பலைச் சோதித்தபோது பல இடங்களில் தகடு பிய்ந்து தொங்கியது. செம்பு நன்றாகத்தான் இருந்தது, ஆணிகள்தான் அரித்துப்போயிருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் ஓரளவு நல்ல நிலையில் இருந்தன. என்ன காரணம் என்று பார்த்தால், செம்புத் தகடு வந்த பழுப்புக் காகிதம் கிழிபடாமல் அந்த ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. செம்பும் இரும்பும் நேரடியாகத் தொடாத இடத்தில் ஆணி பிழைத்திருந்தது.

இன்றைக்கு நாம் நைலான் வாஷர் போடுவதும், நடுவில் சீலண்ட் பூசுவதும் அந்தப் பழுப்புக் காகிதம் செய்த அதே வேலைதான்.

அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையிலும் இதே கதை. வெளியே செம்புத் தோல், உள்ளே இரும்புச் சட்டம். நடுவில் வைத்திருந்த தடுப்பு காலப்போக்கில் வீணாகி இரும்பு அரித்தது. 1986இல் முடிந்த சீரமைப்பில், உள்ளே இருந்த இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டு எவர்சில்வர் வைத்தார்கள், நடுவில் டெஃப்லான் கொடுத்தார்கள்.

எந்த உலோகத்தில் சின்னம் செய்வது?

பித்தளை: பார்க்க அழகு, வெட்டச் சுலபம், எங்கேயும் கிடைக்கும். ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. கடலில் அந்தத் துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைந்து வெளியேறும். மிச்சம் இருப்பது இளஞ்சிவப்பாக மாறி, பிஸ்கட் போல ஒடியும். நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே, அடிக்கடி துடைக்க ஆள் இருக்கிற இடம் என்றால் பித்தளை ஓகே. நீர்மட்டத்தை ஒட்டி என்றால் வேண்டாம்.

வெண்கலம்: கடலுக்கு ஏற்றது. பச்சை படரும், ஆனால் உள்ளே உறுதி குறையாது. விலைதான் அதிகம்.

எவர்சில்வர்: கடையில் 'எஸ்.எஸ்.' என்று கேட்டால் பெரும்பாலும் 304 ரகத்தைக் கொடுப்பார்கள். சமையலறைக்கு அது போதும், கடலுக்குப் போதாது. கேட்டு வாங்க வேண்டியது 316. இதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்பைத் தாங்குவது அதனால்தான்.

"காந்தம் ஒட்டலைன்னா நல்ல எஸ்.எஸ்." என்று ஒரு நம்பிக்கை உண்டு. 304, 316 இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, எனவே அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. போல்ட் வாங்கும்போது அதன் தலையைப் பாருங்கள். ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்று பொறித்திருந்தால் 316 வகை.

அலுமினியம்: எடை குறைவு, விலை குறைவு. ஆனால் பித்தளை, செம்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

முலாம் பூசியவை: கார் கடையில் கிடைக்கும் பளபள எழுத்துகள் பல பிளாஸ்டிக் மேல் குரோம் பூசியவை. சில துத்தநாக வார்ப்பின் மேல் முலாம் பூசியவை. முலாம் ஓர் இடத்தில் கீறினாலும் உப்பு உள்ளே புகுந்து கொப்பளித்துவிடும். கடலுக்கு இவை ஆகாது.

எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது?

முதலில் பதிவு எண். படகின் பதிவு எண் எந்தப் பக்கத்தில் இருந்தும் தெளிவாகத் தெரிய வேண்டும். கடலில் ரோந்துப் படகு தூரத்தில் இருந்து படிப்பது அதைத்தான். சின்னம் அந்த எண்ணை மறைக்கவோ அதன் மேல் ஏறவோ கூடாது.

அடுத்து வலை. வலை இழுக்கும் பக்கத்திலும் நங்கூரக் கயிறு உரசும் இடத்திலும் சின்னம் வேண்டாம். பக்கத்துப் படகோடு மோதி உரசும் விலாப்பகுதியும் வேண்டாம். வேலின் நுனி, நட்சத்திரத்தின் முனை போன்றவை நூலைப் பிடித்து இழுக்கும் கொக்கிகள். கையையும் கிழிக்கும். எல்லா ஓரத்தையும் அரத்தால் ராவி மழுக்கிவிட்டுத்தான் பொருத்த வேண்டும்.

மூன்றாவது, பின்பக்கம். ஓட்டை போட நினைக்கும் இடத்துக்கு உள்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். டீசல் டேங்க், வயர், மிதவை அறை எது இருந்தாலும் அங்கே துளை கூடாது. குறிப்பாக மூடிய மிதவை அறை. படகு கவிழ்ந்தால் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். அதில் ஓட்டை போட்டுச் சின்னம் மாட்டுவதை விட, சின்னமே இல்லாமல் இருக்கலாம்.

ஒட்டுவதா, போல்ட் போடுவதா?

எடையை வைத்து முடிவு செய்யலாம். 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பித்தளைத் தகடு சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும். அதே அளவு அலுமினியம் அரைக் கிலோதான்.

இரட்டைப் பக்க ஃபோம் டேப்: கட்டடங்களின் கண்ணாடி, வண்டிகளின் தகடு எல்லாம் ஒட்டும் உறுதியான அக்ரிலிக் டேப்பைச் சொல்கிறோம். ஸ்டேஷனரி கடை டேப் இல்லை. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 55 சதுர சென்டிமீட்டர் டேப் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ தகட்டுக்கு 85 சதுர சென்டிமீட்டர் போதும். ஆனால் இது சும்மா தொங்கும் எடைக்கு. அலை அறையும் வேகம், வலை இழுக்கும் இழுப்பு இந்தக் கணக்கில் இல்லை. அதனால் எடை குறைந்த எழுத்துகள், சின்னச் சின்னங்களுக்கு டேப் நல்லது. கனமான தகட்டுக்கு டேப்பை மட்டும் நம்பக் கூடாது.

படகு சீலண்ட்: பாலியூரிதேன் அல்லது எம்.எஸ். பாலிமர் வகை. காய்ந்த பிறகும் ரப்பர் போல இளகும் என்பதுதான் இதன் பலம். நடுத்தர எடைக்கு ஓட்டையே போடாமல் இதை மட்டும் வைத்து ஒட்டலாம். பாலியூரிதேனை விட எம்.எஸ். பாலிமர் வெயிலை நன்றாகத் தாங்கும்.

போல்ட்: கனமான சின்னம், அலை நேராக அறையும் இடம் என்றால் போல்ட்தான். அதுவும் ஓட்டின் வழியாக முழுக்கப் போய், உள்பக்கம் வாஷரும் நட்டும் போட்ட போல்ட். மரத்தில் முறுக்குவது போல ஃபைபரில் வெறும் ஸ்க்ரூவை முறுக்கினால் சில மில்லிமீட்டர் ஃபைபரில் அதற்குப் பிடி கிடைக்காது. ஆட ஆட ஓட்டை அகன்று கழன்றுவிடும்.

போல்ட் போட்டாலும் சீலண்ட் கட்டாயம். போல்ட் இழுப்பைத் தாங்கும், தண்ணீரைத் தடுப்பது சீலண்ட்.

இளகும் பசை ஏன் முக்கியம்?

நண்பகல் வெயிலில் உலோகம் சுடும். மாலையில் அலை தெறித்ததும் சட்டென்று குளிரும். 60 சென்டிமீட்டர் நீளப் பித்தளைப் பட்டை 30 டிகிரி சூடேறினால் சுமார் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். ஃபைபர் ஓடும் நீளும், ஆனால் இரண்டும் ஒரே அளவு, ஒரே நேரத்தில் நீளாது. போதாக்குறைக்கு அலையில் ஓடே வளைந்து நெளியும்.

கல் போல இறுகும் எபாக்ஸி இந்த அசைவைத் தாங்காமல் ஓரத்தில் விரிசல் விடும். அந்த விரிசலில் உப்புத் தண்ணீர் புகும். எவர்சில்வருக்கு இது கூடுதல் ஆபத்து. எவர்சில்வரைக் காப்பது அதன் மேல் காற்றுப் பட்டு உருவாகும் மெல்லிய படலம். தகட்டுக்குப் பின்னால் காற்றே புகாமல் தேங்கிய உப்புத் தண்ணீரில் அந்தப் படலம் சிதைந்துவிடும். வெளியே மின்னும் எவர்சில்வர் பின்னால் குழி குழியாக அரிப்பதும், ஓரத்தில் பழுப்பாக வழிவதும் இதனால்தான். எனவே சின்னத்துக்குப் பின்னால் காலி இடமே இருக்கக் கூடாது.

ஃபைபர் படகில் பொருத்துவது எப்படி? படிப்படியாக

1. மாதிரி எடுங்கள். சின்னத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டி, படகில் ஒட்டித் தள்ளி நின்று பாருங்கள். படகு தண்ணீரில் நிற்கும்போது எப்படித் தெரியும் என்பதையும் யோசியுங்கள். கரையில் சாய்ந்து நிற்கும் படகில் மட்டம் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

2. வளைவுக்கு ஏற்ப வளையுங்கள். அணியம் வளைந்திருக்கும், தகடு தட்டையாக இருக்கும். போல்ட்டை முறுக்கி முறுக்கியே தகட்டைப் படியவைக்க நினைத்தால், அந்தத் தகடு வில் போல எந்நேரமும் நிமிரத் துடிக்கும். முன்பே தட்டி வளைத்து, கையால் அழுத்தாமலே படியும்படி செய்துகொள்ளுங்கள்.

3. துளை போடுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் குறியுங்கள். டிரில்லை முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றவிட்டு மேல்பூச்சைத் தாண்டுங்கள், பிறகு நேராக. இப்படிச் செய்தால் பூச்சு சில்லு சில்லாகத் தெறிக்காது. சின்ன பிட்டில் ஆரம்பித்துப் பெரிய பிட்டுக்குப் போங்கள். கடைசியில் துளையின் வாயைக் கொஞ்சம் குழியாகச் சீவுங்கள். அந்தக் குழியில் சீலண்ட் தங்கி, போல்ட்டைச் சுற்றி ரப்பர் வளையம் போல உட்காரும்.

4. துளையின் உள்சுவரை மூடுங்கள். வெட்டுப்பட்ட ஃபைபர் தண்ணீரை உறிஞ்சும். ரெசினோ எபாக்ஸியோ தடவிக் காயவிடுங்கள். நடுவில் மரம் இருந்தால், துளையைப் பெரிதாகப் போட்டு எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் மறுபடியும் சரியான அளவில் துளை போட வேண்டும். அப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது.

5. சுத்தம் செய்யுங்கள். பாதிச் சின்னங்கள் கழலும் காரணம் இங்கேதான் இருக்கிறது. படகின் மேல் மெழுகு, டீசல் படலம், உப்பு எல்லாம் இருக்கும். முதலில் நல்ல தண்ணீர், சோப்பு. பிறகு அசிட்டோன் நனைத்த துணி. அதன் பிறகுதான் சின்னம் மறைக்கும் இடத்தை மட்டும் 120 அல்லது 180 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். துடைக்காமல் முதலில் தேய்த்தால் மெழுகை உள்ளே தேய்த்துவிட்ட மாதிரி ஆகும். சின்னத்தின் பின்பக்கத்தையும் இதேபோலத் தேய்த்துத் துடையுங்கள்.

சுத்தமா என்று பார்க்க ஒரு வழி: தண்ணீர் தெளியுங்கள். பரவலாகப் படர்ந்தால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் இன்னும் மெழுகு இருக்கிறது. பார்த்த பிறகு நன்றாகக் காயவிட மறக்காதீர்கள்.

6. சீலண்ட் போடுங்கள். பின்பக்கம் முழுக்கப் பரவும்படி போட்டு, நடுவில் இருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளுவது போல அழுத்துங்கள். எல்லாப் பக்கமும் கொஞ்சம் பிதுங்கி வர வேண்டும். ஒரேயடியாக அழுத்திப் பசை முழுவதையும் வெளியே தள்ளிவிடாதீர்கள், 2 மில்லிமீட்டர் கனமாவது உள்ளே இருந்தால்தான் அது இளகும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண சீலண்ட் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் காயும். பெரிய தகடு என்றால் நடுப்பகுதிக்கு ஈரம் போய்ச் சேராது. அதற்கு இரண்டு பொருளைக் கலந்து ஒட்டும், கொஞ்சம் இளகும் வகைப் பசையை வாங்குங்கள்.

7. போல்ட்டை இரண்டு தவணையில் முறுக்குங்கள். முதலில் கையிறுக்கம் மட்டும். சீலண்ட் காய்ந்து ரப்பரான பிறகு கடைசி இறுக்கம். அப்போதும் போல்ட்டின் தலையைத் திருப்பாமல் உள்பக்க நட்டை மட்டும் திருப்புங்கள். தலையைத் திருப்பினால் காய்ந்த சீல் அறுந்துவிடும். உள்பக்கம் பெரிய வாஷர் அல்லது ஃபைபர் துண்டு, அதன் மேல் நைலான் வளையம் உள்ள நட். சின்னமும் போல்ட்டும் வேறு வேறு உலோகம் என்றால் நடுவில் நைலான் வாஷர்.

8. பொறுங்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் காயும். ஒரு வாரமாவது படகை இறக்காமல் வையுங்கள். டேப் ஒட்டினாலும் முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகும். தடை முடியும் அன்று காலையில் சின்னம் ஒட்டிவிட்டு ராத்திரி கடலுக்குப் போனால், அது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

மரப்படகு, இரும்புப் படகு என்றால்?

மரத்தில் ஸ்க்ரூ பிடிக்கும். ஆனால் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்தால் உப்பி மரத்தைப் பிளக்கும், சுற்றி மரம் கறுத்து மக்கும். வெண்கல ஸ்க்ரூ அல்லது 316 ஸ்க்ரூ போட்டு, முதலில் சின்னத் துளையிட்டு, துளைக்குள் சீலண்ட் விட்டு முறுக்க வேண்டும். இரண்டு பலகை சேரும் இடத்தில் அடிக்கக் கூடாது. பலகைகள் தனித்தனியே அசையும்.

இரும்புப் படகில் செம்போ பித்தளையோ நேரடியாகத் தொட்டால் அரிப்பது படகுதான். பெரிய கப்பல்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெயரைத் தனியாகத் தகட்டில் செய்து மாட்ட மாட்டார்கள். எழுத்தின் ஓரத்தை வெல்டிங்காலேயே வரைந்து, அதன் மேல் பெயின்ட் அடிப்பார்கள். பெயின்ட் போனாலும் எழுத்து போகாது. சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி பெரிய கப்பல்களின் அடையாள எண்ணும் இப்படி அழிக்க முடியாதபடிதான் இருக்க வேண்டும். வெளியே தெரியும் எண்ணின் உயரம் குறைந்தது 200 மில்லிமீட்டர். இரும்பு விசைப்படகுக்கும் அதே வழி நல்லது: சின்னத்தை இரும்பிலேயே வெட்டி, ஓரம் முழுக்க இடைவெளி விடாமல் வெல்டு வைத்து, படகுக்கு அடிக்கும் பெயின்டையே அதற்கும் அடிப்பது.

அலுமினியப் படகு என்றால் சின்னமும் அலுமினியமாக இருப்பதே பத்திரம்.

பலரும் செய்யும் தவறுகள்

ஹார்டுவேர் கடை சிலிகான்: குழாயைத் திறந்ததும் வினிகர் வாசம் வருகிறதா? அந்த வகை சிலிகான் காயும்போது அமிலத்தை விடும், பித்தளையையும் செம்பையும் அரிக்கும். அதோடு, சிலிகான் ஒருமுறை தடவிய இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது.

புது பெயின்ட் மேல் ஒட்டுவது: பசை பிடிப்பது பெயின்டை. பெயின்ட் உரிந்தால் சின்னமும் சேர்ந்து உரியும். சின்னம் வரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும்.

பழைய ஓட்டையை அப்படியே விடுவது: சின்னம் கழன்றுவிட்டால் ஓட்டைக்குள் துணியையோ குச்சியையோ திணித்துவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். ஓட்டையை இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து, ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து மூட வேண்டும்.

மறந்துவிடுவது: மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, விரலால் ஓரத்தை நெம்பிப் பாருங்கள். பழுப்பு, பச்சை, வெள்ளைப் பொடி எது தெரிந்தாலும் எங்கேயோ தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உள்பக்க நட்டைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் கடற்கரைக்குத் தெரிந்த பாடம்தான்

ஒரு காலத்தில் சென்னைக் கடற்கரையில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது மசூலா படகு. அதில் பலகைகளை ஆணியால் அடிக்க மாட்டார்கள், தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கிக் கரையில் போடும்போது படகு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், பிளக்காது.

ஆணி இல்லாததால் துருவும் இல்லை. பிடி விடாமல், அதே நேரம் இளகிக் கொடுக்கும் பிணைப்புதான் கடலில் நிற்கும் என்பது நம் ஆட்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கயிறு செய்த அந்த வேலையைத்தான் இன்றைக்கு சீலண்ட் செய்கிறது.

சாமி பெயரோ பிள்ளை பெயரோ, அந்தச் சின்னத்தை முகப்பில் வைப்பதே போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்றுதான். அதை மாட்டப் போட்ட ஓட்டையே படகுக்கு வினையாகிவிடக் கூடாது. தடைக்காலத்தில் இன்னும் ஒரு வாரம் மிச்சம் இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுங்கள். காய நேரம் கிடைக்கும்.